கடைசிக் குழாயின் நியாயம்

விடிகாலை ஐந்தரை மணிக்கு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில் நின்று வால்வைத் திருகும் பணியாளர்தான் ஒரு சிற்றூரின் முதல் நிர்வாகி. ஊராட்சி மன்றத் தலைவரும் செயலரும் எழுந்திருக்கும் முன்பே அன்றைய நாளின் முதல் பங்கீட்டை அவர் தொடங்கிவிடுகிறார். ஒரு மணி நேரம் தண்ணீர் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில், குழாயடியில் வைத்த குடம் திரும்பிப் பார்ப்பதற்குள் நிறைகிறது. அடுத்த தெருவில் சற்று நிதானமாக நிறைகிறது. அதற்கும் அடுத்த தெருவில் சிலர் குழாயில் மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது காலனி. தண்ணீர் அங்கே போய்ச் சேரும்போது மணி ஆறேகால். முதலில் காற்று சீறுகிறது. பிறகு செம்மண் கலங்கல். பிறகு நூல் பிடித்தாற்போல ஒரு தாரை. இரண்டாவது குடம் பாதி நிறையும்போது வால்வு மூடப்படுகிறது.

பதிவேட்டைப் பார்த்தால் குற்றம் காண முடியாது. எல்லாத் தெருவுக்கும் ஒரே குழாய், ஒரே நேரம், ஒரே கட்டணம். காலனிக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று யாரும் தீர்மானம் போடவில்லை. ஆனாலும் ஒரு வீட்டில் பத்துக் குடம், இன்னொரு வீட்டில் ஒன்றரைக் குடம். இங்கே அநீதி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறதென்றால் அதற்கு யார் பொறுப்பு?

உள்ளாட்சிச் சேவைகளில் சமத்துவம் பற்றிய அறக்கேள்வி இந்தக் குழாயடியில்தான் தொடங்குகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்வது சமத்துவமா, எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கச் செய்வது சமத்துவமா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது கொடுப்பவரின் கையைப் பார்க்கிறது. இரண்டாவது பெறுபவரின் குடத்தைப் பார்க்கிறது.

இதற்கான அளவுகோல் தமிழ் நிலத்தின் உழவரிடம் நெடுநாளாக இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தது என்ற செய்தியோடு காவிரிப் படுகையின் உழவர் நிம்மதி அடைவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பார். அணையில் எத்தனை அடி, மதகில் எவ்வளவு கன அடி என்பதெல்லாம் கணக்கு. கடைமடை வயல் நனைந்ததா என்பதுதான் பாசனத்தின் நியாயம். வயலுக்கு ஏற்றுக்கொண்ட இந்த நியாயத்தைக் குடிநீருக்கும் சாலைக்கும் தெருவிளக்குக்கும் மயானப் பாதைக்கும் ஏற்றுக்கொள்வதில் தயக்கம் எதற்கு?

காலனி ஏன் கடைமடையில் இருக்கிறது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்த இடத்தை அங்கே வசிப்பவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஊருக்கு வெளியே, பள்ளத்தில், ஓடைக்கு அப்பால் என்று சாதி அவர்களை வைத்த இடம் அது. பின்னாளில் வந்த பொறியாளர் நில வரைபடத்தைப் பார்த்து, ஊர் நடுவில் தொட்டியை வைத்து, குழாயைக் கடைசியாகக் காலனிக்கு நீட்டினார். அவர் மனத்தில் சாதி இருந்திருக்க வேண்டியதில்லை. வரைபடத்திலேயே சாதி இருந்தது. பழைய அநீதியின் மேல் புதிய நடுநிலையைக் கட்டினால், அந்த நடுநிலை பழைய அநீதியைத்தான் காப்பாற்றித் தரும். இன்று யாரும் தவறு செய்யவில்லை என்பதால் இன்று யாருக்கும் கடமை இல்லை என்றாகிவிடாது. வால்வைத் திருகும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கடமையும் இருக்கிறது.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைச் சாதி, மதம், பாலினம் காரணமாக எவருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் உச்ச சட்டம் கிணற்றையும் படித்துறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதென்றால், அவமதிப்பு எங்கே நடந்தது என்பதை அதை எழுதியவர்கள் நேரில் அறிந்திருந்தார்கள் என்று பொருள்.

அவர்களில் முதன்மையானவர் அம்பேத்கர். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மகாட் நகராட்சி 1924-இல் அதை ஏற்றுத் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலைகளையும் பொதுக்கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தும் உரிமைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். மகாடில் தீர்மானம் இருந்தும் மூன்றாண்டுகள் ஒருவராலும் அந்தக் குளத்தில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அம்பேத்கர் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதன்பின் தாக்குதல் நடந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றத்தில் உரிமை உறுதியாக 1937 ஆனது. நகராட்சி ஒன்றின் தீர்மானப் புத்தகத்துக்கும் ஒரு மனிதரின் உள்ளங்கைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு மகாடே சான்று.

இனி மறுப்புகளைக் கேட்க வேண்டும். அவை நேர்மையானவை, ஒதுக்கித் தள்ளத் தக்கவை அல்ல.

பொதுப்பணம் எல்லோருடையது, ஒரு தெருவுக்கு முன்னுரிமை கொடுத்தால் மற்றத் தெருவுக்கு அநீதி ஆகாதா என்பது முதல் மறுப்பு. பந்தியில் எல்லோருக்கும் ஒரே கரண்டி சோறு வைப்பது முறைதான். ஆனால் ஒருவர் இலையில் ஏற்கெனவே மூன்று முறை பரிமாறியாகிவிட்டது, இன்னொருவர் இலை காய்ந்து கிடக்கிறது என்றால், நான்காவது முறை பாத்திரத்தை எடுத்து வருபவர் எந்த இலைக்கு முதலில் போக வேண்டும்? காய்ந்த இலைக்கு முதலில் போவது யாருக்கும் செய்யும் சலுகை ஆகாது. முன்பு விட்டுப்போன பங்கைக் கொண்டுவந்து சேர்ப்பது அது. இந்த நியாயத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. முன்னுரிமை தேவையைப் பார்த்துத் தரப்பட வேண்டும். மேட்டுத் தெருவின் ஏழை மூதாட்டியின் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவரும் கடைமடைதான். சாதியால் வந்த குறையைச் சரிசெய்யும் ஊராட்சி, வறுமையாலும் முதுமையாலும் உடல்நிலையாலும் வந்த குறையையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. காலனிக்கென்று தனித் தொட்டி கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன? தண்ணீர் நாளைக்கே வரும். சச்சரவு இருக்காது. குழாயடியில் முகம் சுளிப்பவரும் இருக்கமாட்டார், முகம் சுளிப்பைத் தாங்க வேண்டியவரும் இருக்கமாட்டார். தாகம் எடுத்தவரிடம் ஊரின் மனம் மாறும்வரை காத்திரு என்று சொல்வது அறமா? தமிழகத்தின் பல ஊர்களில் தனித் தொட்டி, தனி மயானம், மயானத்துக்குத் தனிப் பாதை என்பவை இப்படித்தான் நல்ல எண்ணத்தோடும் வந்து சேர்ந்தன.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தாகம் காத்திருக்காது. தொலைவும் மேடுபள்ளமும் காரணமாக இரண்டாவது தொட்டி தேவைப்படும் இடங்களும் உண்டு. நகரத்தில் பகுதிக்கொரு தொட்டி கட்டுவதில்லையா? எனவே தனித் தொட்டி என்றதுமே பழிக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இரண்டு தெருவிலும் ஒரே சாதியார் வாழ்ந்திருந்தால் இந்த இடத்தில் இரண்டாவது தொட்டி கட்டியிருப்போமா? ஆம் என்றால் அது பொறியியல். இல்லை என்றால் அது அரசுப் பணத்தில் கட்டிய தீண்டாமை.

ஒருவரின் மனத்தில் இருக்கும் வெறுப்பு அவரோடு போய்விடக்கூடும். அவர் பேரன் வேறு மாதிரி வளரக்கூடும். ஆனால் அந்த வெறுப்புக்கு சிமென்டில் ஓர் உருவம் கொடுத்தால் அது முப்பது நாற்பது ஆண்டுகள் நிற்கும். வளரும் குழந்தை அதைப் பார்த்து, உலகம் இப்படித்தான் என்று கற்றுக்கொள்ளும். அது அந்த மக்களின் தொட்டி என்ற முகவரியும் அதற்கு ஒட்டிக்கொள்ளும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்கான தொட்டித் தண்ணீரில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. வழக்கின் முடிவு ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் யார் என்பதை ஊரே அறிந்திருந்தது. முகவரி உள்ள தொட்டியின் துயரம் அது. சச்சரவு இராது என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். அமைதிக்கான விலையை ஒரு தரப்பு மட்டுமே கட்டிக்கொண்டிருந்தால் அதற்கு அமைதி என்ற பெயர் பொருந்தாது.

ஆனால் காலனி மக்களே தனித் தொட்டி கேட்டால்? தினமும் அவமானப்படுவதைவிட எங்கள் தண்ணீர் எங்களுக்கு என்று அவர்கள் சொன்னால்? வெளியூரில் உட்கார்ந்து கொள்கை பேசுபவர், தன் கொள்கைக்காக அவர்களின் அன்றாட நிம்மதியைப் பணயம் வைக்க உரிமை இல்லாதவர். முடிவு அவர்களுடையது. ஊராட்சியின் கடமையோ அதற்கு முன்பே தொடங்குகிறது: பொதுக்குழாய் அச்சமின்றிப் போகக்கூடிய இடமாக இருந்தால்தான் தனித் தொட்டி வேண்டும் என்ற கோரிக்கை விருப்பமாகும், இல்லையென்றால் அது நிர்ப்பந்தம். பொறியியலும் இங்கே அறத்துக்குத் துணை செய்யும். இரண்டு தொட்டிகள் இருந்தாலும் ஒரே நீராதாரத்திலிருந்து நிரப்பி, இரண்டையும் குழாயால் இணைத்து, எந்தத் தொட்டித் தண்ணீரும் எந்தத் தெருவுக்கும் போகும்படி செய்யலாம். அப்போது தொட்டிக்குச் சாதி இருக்காது. பிரிக்கத் தெரிந்த சிமென்டுக்குச் சேர்க்கவும் தெரியும். 1997-இல் தொடங்கிய சமத்துவபுரம் திட்டம், ஒவ்வொரு வளாகத்திலும் பல சாதியாரின் நூறு வீடுகளைப் பொது வசதிகளோடு கட்டியது. பொதுப்பணத்தால் சேர்ந்து வாழும் இடத்தையும் உருவாக்க முடியும் என்பதை அது காட்டியது.

மூன்றாவது மறுப்பு ஜனநாயகத்தின் பெயரால் வருகிறது. பெரும்பான்மை வேண்டாம் என்பதை ஊராட்சி எப்படிச் செய்வது? இதற்குத் தமிழகம் இரத்தத்தில் பதில் எழுதியிருக்கிறது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் உள்ளாட்சிப் பதவிகளில் இடம் ஒதுக்கியது. மேலவளவு ஊராட்சியில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அப்படியே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் தேர்தல் நடக்கவிடவில்லை. நடந்தால் வென்றவர் உடனே பதவி விலகினார். 2006-இல் அரசு நிர்வாகம் ஊர் மக்களோடு பொறுமையாகப் பேசிப் பேசித் தேர்தலை நடத்தியது. உரிமையை வாக்கெடுப்புக்கு விட முடியாது என்பதும், உரிமையை நிலைநாட்டும்போதும் ஊரோடு பேசுவதை விட முடியாது என்பதும் இங்கே சேர்ந்தே கிடைக்கும் பாடங்கள்.

பதவி கிடைத்தால் போதுமா என்றால், போதாது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். 2016-இல் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு தமிழகத்தில் சட்டமானது. ஆனால் பெண் தலைவரின் கணவர் கையெழுத்துக்கு மட்டும் மனைவியைக் கூப்பிடும் ஊராட்சிகள் இன்னும் இருக்கின்றன. ஆனாலும் பதவி வீண் என்று முடிவுகட்டக் கூடாது. தெருக்குழாயில் வரிசையில் நின்றவர் மன்றத்தில் உட்காரும்போதுதான் இரண்டாவது குடம் பாதியில் நின்றுபோகும் செய்தி மன்றத்துக்கு வந்து சேருகிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் தமிழகம் சட்டம் திருத்தியதன் நியாயமும் இதுவே. ஊராட்சி அலுவலகத்தின் நான்கு படிகளைப் பெரும்பாலானோர் கவனித்ததே இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த நான்கு படிகள்தான் அலுவலகத்தின் பூட்டிய கதவு. சாய்தளம் இல்லாமல் எல்லோரும் வரலாம் என்று பலகை எழுதி வைப்பது, ஒரு மணி நேரம் தண்ணீர் திறந்தோம் என்று சொல்வதற்கு ஒப்பானது.

கழிப்பறை இல்லாத பேருந்து நிறுத்தத்தில் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பூ விற்கும் பெண், தமிழ் அறிவிப்பைப் படிக்கத் தெரியாத ஒடிசாத் தொழிலாளி, வீட்டுவரி ரசீதில் தன் பெயரை மாற்றக் கேட்டு அலையும் திருநங்கை என்று கடைமடை வேறுவேறு முகங்களோடு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு. உரிமை ஒன்று.

இதையெல்லாம் செய்யப் பெரிய பணம் தேவையில்லை. பார்க்கும் இடத்தை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை வால்வு திறக்கும் வரிசையைக் கடைசித் தெருவிலிருந்து தொடங்கலாம். காலனிக் குழாயில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வைக்கலாம். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதைக் காலனியிலும் கூட்டலாம். வந்தவர்கள் பேசிய பின், வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று கேட்கலாம்.

எல்லோருக்கும் சமமாகச் செய்துவிட்டோம் என்று தன்னைத் தானே பாராட்டிக்கொள்ள ஊராட்சிக்கு உரிமை இல்லை. அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் குடத்தோடு நிற்பவர். கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தில், தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் சரியாக வருகிறது என்ற வரியின் கீழே முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். வரவில்லை என்று அவர் எழுதினால், அன்றைய கூட்டத்தின் முதல் வேலை அதுவாகட்டும்.