கீறலின் ஆழம்

பாலிஷ் போட்டுக் காரின் கீறலை எடுத்தாயிற்று என்று பட்டறையில் சொல்லும்போது நமக்கு நிம்மதியாக இருக்கிறது. எடுக்கப்பட்டது எது என்று கேட்கத் தோன்றுவதில்லை. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதைச் சுற்றியிருந்த நல்ல பரப்பைத்தான் பாலிஷ் காம்பவுண்ட் தேய்த்துத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்கியிருக்கிறது. அடிபடாத இடம், அடிபட்ட இடத்தின் மட்டத்துக்குத் தாழ்ந்து கொடுத்திருக்கிறது.

தாழ்ந்து கொடுக்க அதனிடம் இருப்பதோ மிகக் கொஞ்சம். நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூடக் கிடையாது. அதன் கீழே நிறம், பிறகு பிரைமர், எல்லாவற்றுக்கும் அடியில் தகட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் பூசிய துருத்தடுப்பு. எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். பஃபிங் சக்கரம் ஓடும் ஒவ்வொரு முறையும் மேலடுக்கிலிருந்து சில மைக்ரான்கள் போய்விடுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மங்களும் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன.

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் வைத்திருந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் அது. பாலிஷ் போட்ட துணியைப் பிரித்துப் பார்த்தால் காரின் நிறம் அதில் ஏறியிருக்கும். நீலக் கார் என்றால் நீலம், கறுப்பு என்றால் கறுப்பு. பளபளப்புக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது கையிலேயே தெரியும். 1980களுக்குப் பிறகு உலகெங்கும் பரவிய கிளியர் கோட்டுக்கு நிறம் இல்லை. அது தேய்ந்து போவதைத் துணி காட்டிக் கொடுப்பதில்லை. இழப்பு நின்றுவிடவில்லை, அதன் சாட்சி மட்டும் இல்லாமல் போயிற்று; சாட்சி இல்லாத இழப்பை மனிதர்கள் கணக்கில் வைப்பது அரிது.

கீறல் எங்கிருந்து வருகிறது என்பதிலும் நமக்கு ஒரு வசதியான கதை உண்டு. பைக்காரன் உரசினான், மாடு முட்டியது, பக்கத்து வீட்டுப் பையன் சாவியால் இழுத்தான். நடப்பதும் உண்டு. ஆனால் பட்டறையில் காரை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால், பானட் முழுவதும் சிலந்தி வலையாகத் தெரியும் ஆயிரக்கணக்கான நுண்கோடுகளுக்கு எந்த எதிரியும் காரணம் அல்ல. விடிகாலையில் அடுக்குமாடி வளாகத்தில் ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார்களைத் துடைக்கும் துணி செய்த வேலை அது. சில நாள் நாமே, தண்ணீர் ஊற்றச் சோம்பல்பட்டு, காய்ந்த தூசியின்மேல் துணியை ஓட்டியிருப்போம். தூசியில் இருக்கும் மணற்துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறைதான் அதை அழுத்தித் தேய்த்தது. புழுதியோடு நின்ற கார் இதைவிடக் குறைவாகவே காயப்பட்டிருக்கும் என்பது கசப்பான விஷயம்.

அந்தக் கோடுகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அவை வட்டம் வட்டமாகத் தெரிகின்றன. உண்மையில் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுபவை. வரும் ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கை மையமாக வைத்து வளையம் கட்டுவதாகக் கண் நம்பிவிடுகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே நகரும். மனம் எந்த வருத்தத்தின்மேல் வெளிச்சத்தைக் காட்டுகிறதோ, வாழ்க்கையின் மற்ற வடுக்கள் எல்லாம் அதைச் சுற்றித் திட்டமிட்டு விழுந்தவை என்றே தோன்றுவதை நாம் அறிவோம்.

எந்தக் கீறலுக்காக அதிகம் வருந்துகிறோம்? பெரும்பாலும் பம்பரில் விழுந்ததற்கு. கண்ணெதிரே இருக்கிறது, பார்ப்பவரெல்லாம் கேட்கிறார்கள். ஆனால் இன்றைய பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. கதவின் கீழ் விளிம்பிலோ சக்கர வளைவின் ஓரத்திலோ ஜல்லி தெறித்துக் கடுகளவு பெயிண்ட் பெயர்ந்திருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். சென்னையின் உப்புக் காற்றுக்கு அந்தக் கடுகளவு போதும். துரு பெயிண்ட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து, கொப்புளம் எழுந்து வெளியே தெரியும்போது உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கலாம். அனுபவப்பட்ட பெயிண்டர்கள் நகத்தால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால், "இது மேலோட்டம் சார், விடுங்க. கதவுக்கு அடியில பாருங்க, தகடு தெரியுது. முதல்ல அதை அடைக்கணும்" என்பார்கள். கண்ணில் படுகிறதா என்று நாம் கேட்ட இடத்தில், திறந்து கிடக்கிறதா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

மனித உறவிலும் இந்த வேறுபாடு நமக்கு எளிதில் பிடிபடுவதில்லை. நாலு பேர் நடுவில் ஒருவர் சொன்ன கூர்மையான சொல்லை விசாரித்து, விளக்கம் கேட்டு, வருத்தம் தெரிவிக்க வைத்து, அந்த ஒரு சொல்லின் தடம் தெரியாதபடி மொத்த நட்பையும் தேய்த்துச் சமன் செய்யும் நாம், யாரும் பார்க்காத ஓரிடத்தில் என்றோ விழுந்து மூடப்படாமலே கிடக்கும் பிளவைப் பற்றி, அது கண்ணை உறுத்தாத காரணத்தாலேயே, ஒன்றும் நேரவில்லை என்று இருந்துவிடுகிறோம். குறையில்லாமல் இருப்பது ஒரு நிலை, காக்கப்பட்டிருப்பது வேறொரு நிலை. முன்னதை அடைவதற்காகப் பின்னதைச் செலவழித்துக்கொண்டே போகும் வாழ்க்கை ஒரு கட்டத்தில் பளபளப்பைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லாத மெல்லிய பரப்பாகிவிடும் என்பதும், எந்தத் திருத்தமும் தன் கூலியைத் திருத்தப்படும் பொருளின் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதும் காருக்கு மட்டும் உரிய விதிகள் அல்ல.

காப்புகள் உண்டுதான். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு முதல் செராமிக் கோட்டிங் வரை, விற்பவர் சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும், ஓரளவு உதவும். மெழுகு பள்ளத்தை நிரப்பிச் சில வாரம் மறைக்கும். செராமிக் அழுக்கை ஒட்டவிடாது, ஆனால் கல்லடியை நிறுத்தாது. பாலியூரித்தேன் ஃபிலிம் ஒன்றுதான் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. மேலோட்டமான கோடுகளை வெயிலின் சூட்டிலேயே ஆற்றிக்கொள்ளவும் செய்கிறது. அதற்கும் ஆயுள் உண்டு, ஒருநாள் உரித்து மாற்றத்தான் வேண்டும்.

முழுவதுமாக மறுபெயிண்ட் அடித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். தொழிற்சாலையில் கிளியர் கோட்டைச் சுமார் 140 டிகிரிச் சூட்டில் வேக வைக்கிறார்கள். இருக்கையும் வயரும் டயரும் பொருத்தாத வெறும் கூடாகக் கார் இருக்கும்போது மட்டுமே அது சாத்தியம். ஓடத் தொடங்கிய காரை அந்தச் சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் வயரும் கெட்டுவிடும். ஆகவே பட்டறையின் பெயிண்ட் அறையில் 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெயிண்ட்டின் வேதியியலே அதற்கேற்ப வேறு. தேர்ந்த கையால் அடித்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பழைய கார் வாங்க வருபவரின் கையில் இருக்கும் தடிமன் மீட்டருக்குத் தெரியும். கீறல் விழுந்த கதவில் வைக்கிறார், 120 மைக்ரான். ஒரிஜினல் பெயிண்ட் என்று தலையாட்டிவிட்டு நகர்கிறார். அடுத்த கதவு அப்பழுக்கில்லாமல் மின்னுகிறது, மீட்டரில் 400. பட்டி வைத்திருக்கிறதா, என்ன விபத்து, எப்போது நடந்தது என்று அங்கேதான் அவருடைய கேள்விகள் தொடங்குகின்றன.