விளையாட்டும் சாட்டும்

விளையாட்டினுள்ளே நிகழும் செயலுக்கு அறம் சார்ந்த பொறுப்பு உண்டோ என்னும் வினா புதியதன்று. சதுரங்கத்திற் குதிரையை வெட்டியவனைக் கொலைஞன் என எவரும் கூறுவதில்லை. கூத்திலே துரியோதனனாக ஆடியவனை மறுநாட் காலையில் வீதியிற் கண்டு ஒதுங்குவாருமில்லை. டச்சு நாட்டு வரலாற்றறிஞரான ஹொய்சிங்கா, 1938இல் வெளிவந்த தமது நூலிலே, விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து எல்லையிட்டுப் பிரிக்கப்பட்ட இடமும் காலமும் உடையதென விளக்கினார். அவ்வெல்லையை நானும் ஐயமின்றி நம்பியிருந்தேன். சென்ற ஆண்டு விடுதி அறையொன்றில், வேடிக்கையான ஒரு கணினி விளையாட்டின் முன்னே, அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது.

அவ்விளையாட்டைப் பற்றி முதலிற் சிறிது கூறவேண்டும். திரையில் ஓர் அறை தெரியும். கீழே 'திற', 'தள்ளு', 'வாசி', 'எடு', 'கொடு' என்றாற்போலச் சில வினைச்சொற்கள் இருக்கும். சுட்டியால் ஒரு சொல்லையும் பின்னர் அறையிலுள்ள ஒரு பொருளையும் தொட்டால், திரையிலுள்ள பாத்திரம் அதனைச் செய்யும். அல்லது செய்யாமைக்குக் காரணம் கூறும். இவ்வகைச் சாகச விளையாட்டுகளுக்கு வழிகாட்டியாக அமைந்தவற்றுள் ஒன்று 1987இல் வெளிவந்த 'மேனியாக் மேன்சன்'. அமெரிக்காவின் லூக்காஸ்பிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் றொன் கில்பேட், கரி வினிக் ஆகிய இருவரும் அதனை வடிவமைத்தனர். மலிவான திகிற் படங்களை நையாண்டி செய்யும் கதை அது. விண்ணிலிருந்து விழுந்த கல்லொன்றின் பிடியிற் சிக்கி அறிவு திரிந்த விஞ்ஞானி ஒருவர், சாண்டி என்னும் பெண்ணைத் தமது மாளிகையில் அடைத்து வைத்திருக்கிறார். அவளுடைய காதலன் டேவ், நண்பர் அறுவருள் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அங்கே நுழைகிறான். அவ்விருவரையும் தெரிவுசெய்பவர் ஆடுபவரே. ஆகவே பதினைந்து வகையான குழுக்கள் அமையக்கூடும்.

நாங்கள் ஆடியது அந்த மூலமன்று. அதன்மீது பற்றுக்கொண்ட சிலர், லூக்காஸ்ஃபேன் கேம்ஸ் என்னும் பெயரில், வண்ணங்களைப் பெருக்கி மெருகூட்டி, 2004இல் இலவசமாக வெளியிட்ட 'மேனியாக் மேன்சன் டீலக்ஸ்' என்னும் வீட்டுத் தயாரிப்பு. கிறிஸ் ஜோன்ஸ் என்பவர் 1997 முதல் உருவாக்கி வழங்கிய 'அட்வெஞ்சர் கேம் ஸ்ரூடியோ' என்னும் கருவி, நிறுவனம் எதனையும் சாராதோரும் இத்தகைய விளையாட்டுகளைத் தம் வீட்டிலிருந்தே ஆக்குவதற்கு வழி திறந்தது. இதே மாளிகையை அரங்காகக் கொண்டு தத்தமக்குத் தோன்றிய வேடிக்கைகளைச் சிறு சிறு அத்தியாயங்களாக ஆக்கியோரும் பலர்.

வீட்டில் ஆக்கிய இத்தகைய விளையாட்டுகளை மதிப்பிட எனக்கென ஓர் அளவுகோல் உண்டு. சரியான முயற்சிக்கு விளையாட்டு என்ன பரிசளிக்கின்றது என்பதை நான் பார்ப்பதில்லை. பிழையான முயற்சிக்கு என்ன மறுமொழி கூறுகின்றது என்பதையே பார்ப்பேன். சுவரை எடுக்க முயன்றால், பூட்டிய கதவைக் கரண்டியாற் திறக்க முயன்றால், ஒவ்வொரு மூடத்தனத்துக்கும் ஒரு வேடிக்கை வசனம் காத்திருக்குமாயின், அதனை எழுதியவர் முகந்தெரியாத என்னை நினைத்து இரவு விழித்திருந்தார் என்று பொருள். ஊதியம் பெறாத ஒருவர் இதற்காகச் செலவிட்ட உழைப்பு விருந்தோம்பலுக்கு நிகரானது. மூல விளையாட்டிலும் இக்குணம் உண்டு. மாளிகையின் நூலகத்தில் ஒரு மாடிப்படி உடைந்து கிடக்கும். இறுதிவரை அதனைத் திருத்த வழியே இல்லை. சமையலறையில் மரமறுக்கும் இயந்திரவாள் ஒன்று தொங்கும்; அதற்கு எரிபொருள் அம்மாளிகையில் எங்குமில்லை. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட வேறொரு விளையாட்டிலே, செவ்வாய்க் கிரகத்தில், அவ்வாளுக்கான எரிபொருள் கிடைக்கின்றது! வெற்றிக்கு எவ்வகையிலும் உதவாத படியையும் வாளையும் ஆடியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். உதவிய பொருட்களிற் பலவற்றை மறந்திருப்பர்.

ஆயினும் இவ்விளையாட்டு ஆடுபவரிடம் வளர்க்கும் பழக்கம் ஒன்றுண்டு. அகப்படுவதையெல்லாம் எடு, எடுத்ததை எல்லாவற்றோடும் பொருத்திப் பார். இதுவே இதன் இலக்கணம். பொருள் யாருடையது என்ற வினா எழுவதேயில்லை. எது உதவும் என்று முன்கூட்டியே தெரியாதாகையால் எதனையும் முயலாது விடுவது ஆடுபவரின் குறையாகிவிடுகின்றது. ஆராய்ச்சி மாணவனுக்குரிய ஆர்வமும் வீடுபுகுந்த கள்வனுக்குரிய கையும் இங்கே ஒன்றாகின்றன.

இப்பழக்கத்தின் வழியேதான் நான் அந்த இடத்தை அடைந்தேன். விஞ்ஞானியின் மகன் எட், ஹம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கொன்றை அருமையாக வளர்க்கிறான். சமையலறையில் மைக்றோவேவ் அடுப்பு இருக்கிறது. கையிற் பிராணி, எதிரில் அடுப்பு. முயன்றேன். அடுப்பு இயங்கிற்று, பிராணி வெடித்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த, எனக்கு ஒரு வருடம் இளையவனான அறைத்தோழன் சிரிக்கவில்லை.

"உதேன் செய்தனீங்கள் அண்ணை?" என்றான்.

"செய்யக்கூடியதாயிருந்தது, செய்தனான். விளையாட்டுத்தானே" என்றேன்.

அவன் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. என் மறுமொழிதான் எனக்கே பிடிபடாமல் நின்றது.

சிரிப்பைப் பற்றி அறிஞர் கூறியவை இவ்விடத்தில் ஓரளவே உதவுகின்றன. நகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தபோது எள்ளலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பிறர் தாழ்வின் முன் நம் உயர்வைத் திடீரென உணர்வதே சிரிப்பு என்பது ஹொப்ஸின் கருத்து. பிரான்சிய மெய்யியலாளர் பேர்க்சன், 1900இல் வெளியிட்ட ஆய்விலே, சிரிக்கும் கணத்தில் இதயம் சற்று மரத்துப்போக வேண்டியிருக்கின்றது என்று காட்டினார். என் அனுபவத்துக்கு அணித்தாக வருவது இதுவே. ஆயின் இவை யாவும் ஏன் சிரித்தேன் என்பதற்கு விடையாகுமேயன்றி, ஏன் செய்தேன் என்பதற்கு விடையாகா. தம்பி கேட்டது இரண்டாவது வினாவை.

சதுரங்கத்தை முன்னிறுத்தித் தப்பிக்க முயன்றேன். அம்முயற்சி நிலைக்கவில்லை. சதுரங்கத்திற் குதிரையை வெட்டுவது ஆட்டத்தின் தேவை. வெட்டாது வெல்ல முனைவது அரிது. ஹம்ஸ்டரை அடுப்பில் இடும்படி இவ்விளையாட்டு எவ்விடத்தும் கேட்கவில்லை. சாண்டியை மீட்க அது சற்றும் உதவாது. விளையாட்டு வேண்டுகின்ற செயல் வேறு, விளையாட்டு அனுமதிக்கின்ற செயல் வேறு. முன்னையதற்கு விதியைப் பொறுப்பாக்கலாம். பின்னையது என்னுடையது.

வெறும் படத்துக்கு நோவு ஏது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான தடையே. ஆயின் களவை மனத்தால் எண்ணுவதையும் வள்ளுவர் குற்றமாகவே கொண்டார் என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். திரையில் ஆடுவது வண்ணமுங் கூட்டி எண்ணுவதன்றி வேறென்ன? அதேவேளை, இவ்வளவு இறுக்கமாக நோக்கினால் கதை எழுதுவோரும் நாடகம் ஆடுவோரும் எஞ்சமாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இராவணனைப் படைக்கக் கம்பன் அவன் மனத்தினுட் புகாதிருந்திருக்க இயலுமா? எனவே வள்ளுவரை இவ்வழக்கில் நீதிபதியாக அமர்த்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இவ்விடத்திற் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியொன்று உள்ளது. 1990இல் நிண்டெண்டோ இயந்திரத்துக்கான பதிப்பு அமெரிக்காவில் வெளிவந்தபோது, சிறுவருக்கு ஒவ்வாதவற்றை அகற்றுமாறு அந்நிறுவனத்தார் கோரினர். அப்பணியில் ஈடுபட்ட டக்ளஸ் குறொக்ஃபோட் அதனைப் பின்னர் எழுதி வெளியிட்டுள்ளார். ஆடையற்ற சிலை போயிற்று. வசனங்கள் சில மாறின. ஆனால் ஹம்ஸ்டரும் அடுப்பும் கண்ணிற் படாமலே தப்பிவிட்டன! பின்னர் அறிந்தே அதனை நீக்கச் செய்தனர். இதனை அசட்டை என்று கூறி நகைப்பது எளிது. எனக்கு இது வேறொன்றை உணர்த்துகின்றது. நூலின் பக்கத்தில் உள்ள தீமை தணிக்கையாளர் கண்முன்னே அச்சாகிக் கிடக்கிறது. விளையாட்டில் உள்ள தீமையோ ஒருவர் செய்யும் வரை எங்குமில்லை. பிராணி ஓரறையில் இருக்கிறது, அடுப்பு வேறோர் அறையில் இருக்கிறது, இரண்டும் குற்றமற்றவை. இரண்டையும் சேர்க்கும் எண்ணம் ஆடுபவரிடமிருந்து வரவேண்டும். ஆக்கியோர் அவ்வெண்ணத்தை எதிர்பார்த்து விளைவை ஆயத்தமாக வைத்திருந்தனர் என்பது உண்மை. ஆயினும் எதிர்பார்த்தவரும் செய்தவரும் ஒருவராகார்.

அவ்வெதிர்பார்ப்பு எத்துணை நுட்பமானது என்பதைப் பின்னரே கண்டேன். கதையில் வரும் இளைஞர் எழுவருள், றேசர், சிட் என்னும் இருவர் மாத்திரமே ஹம்ஸ்டரை அடுப்பில் இடுவர். மற்றையோரிடம் கட்டளையிட்டால் மறுத்துவிடுவர். சுட்டி என் கையில் இருக்க, என் கட்டளையை ஏற்காத ஒரு பொம்மை! நான் அன்று றேசரைத் தெரிவுசெய்திருந்தேன்; ஆகவே மறுப்பு என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. 'செய்யக்கூடியதாயிருந்தது' என்று தம்பிக்குக் கூறியது அரை உண்மை. செய்யக்கூடியவளை அழைத்து வந்தவனும் நானே.

தண்டனையும் உண்டு. வெடித்த பிராணியை எட்டிடமே கொண்டுபோய்க் கொடுத்தால், கொடுத்தவரை அவன் கொன்றுவிடுவான். கல்லறை ஒன்று தோன்றும். ஆனால் கொடுத்தாலன்றி அத்தண்டனை நேராது. கண்ணுக்குப் புலப்படாது மறைக்கும் மோதிரம் கிடைத்தால் நீதிமான் என்ன செய்வான் என்று பிளேட்டோவின் 'குடியரசு' எழுப்பும் வினா, இங்கே நகைச்சுவையாக உருமாறி நிற்கின்றது.

விலங்குகளிடம் கொடுமை பயில்பவன் மனிதரிடத்தும் வன்னெஞ்சனாவான் என்பது கான்ற் தமது அறவியல் விரிவுரைகளில் முன்வைத்த வாதம். படங்களுக்கு இதனை அப்படியே பொருத்துவது எனக்கு உடன்பாடன்று. அன்றிரவுக்குப் பின்னும் எறும்பு வரிசையைத் தாண்டியே நடக்கிறேன். ஆயிரக்கணக்கானோர் அந்த ஹம்ஸ்டரை வெடிக்கச் செய்துவிட்டு நல்ல பிள்ளைகளாகவே வாழ்கின்றனர். செயல் பழகுவதில்லை. பழகுவது சாட்டு. 'விளையாட்டுத்தானே' என்ற அச்சொல் திரையின் முன்னே எவ்வளவு இலகுவாக வாயில் வந்ததென எண்ணியபோது, அது அங்கே பிறந்ததன்று என்பது தெரிந்தது.

அச்சொல்லை அதே தம்பியிடம் ஓராண்டுக்கு முன்னரே கூறியிருக்கிறேன். அவன் முதலாம் வருடத்தில் விடுதிக்கு வந்த வாரத்திலே, இரவு பதினொரு மணிக்கு அவனைக் கதிரையின்மேல் ஏற்றி, தும்புத்தடி ஒன்றுக்குக் காதற் கடிதம் வாசிக்கச் செய்த நால்வருள் நானும் ஒருவன். அடிக்கவில்லை, ஏசவில்லை. சிரித்தோம். அவனும் சிரித்தான் என்றே அன்று நினைத்தேன். பல்கலைக்கழகங்களில் நிகழும் இவ்வழக்கத்தைத் தடைசெய்ய 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அது எமக்குத் தெரியாததன்று. தமிழில் இதற்கு வழங்கும் பெயர் 'பகிடிவதை' என்பது. பகிடியையும் வதையையும் ஒரே சொல்லாக இணைத்துச் சொல்லியும், அதன் முற்பகுதி மாத்திரமே எம் காதில் விழுந்தது. ஹம்ஸ்டருக்கு நோவில்லை, தம்பிக்கு நோவுண்டு. இவ்வேறுபாடு மலையளவு பெரியது. ஆயின் என் வாய் இரண்டுக்கும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிற்று.

இதனால் அந்த அடுப்பை விளையாட்டிலிருந்து அகற்றியிருத்தல் வேண்டும் என்று நான் கூறவரவில்லை. நல்லதை மட்டுமே செய்யக்கூடிய மாளிகையில், மறுக்கும் ஐவருக்கு மறுக்க எதுவுமே இராது. பின்னர் வந்த பதிப்பில் அதனை நீக்கியோர் றேசரை நல்லவளாக்கிவிடவில்லை. மற்றையோரின் மறுப்பைத்தான் அழித்தனர்.

தம்பியிடம் அந்தக் கதிரையைப் பற்றிப் பேசினேன். அது எங்கள் இருவருக்கும் உரியது, இங்கே எழுதுவதற்கில்லை. சில வாரங்களின் பின், நான் நூலகத்திலிருந்து திரும்பி வந்தபோது, அவன் என் கணினியில் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். டேவுடன் பேர்னாட்டையும் வெண்டியையும் தெரிந்தெடுத்திருந்தான். பேர்னாட் சமையலறையில், கையில் ஹம்ஸ்டருடன் நின்றான். தம்பி சுட்டியை அடுப்பின்மீது கொண்டுசென்று அழுத்தினான். பேர்னாட் மறுத்தான். தம்பி மீண்டும் அழுத்தினான். மீண்டும் மறுப்பு. மூன்றாம் முறை அழுத்திவிட்டு, நான் பின்னால் நிற்பதை அறியாமல், அவன் தனியே சிரித்துக்கொண்டான்.