புகார் கொடுத்தவரே ஆட்சியில் இருந்தால்

2022 அக்டோபர் 26 இரவு, ஐதராபாத்தை ஒட்டிய மொய்னாபாத் பண்ணை வீடு ஒன்றில் போலீஸ் நுழைந்தது. மாநிலத்தில் அப்போது ஆண்ட தெலங்கானா ராஷ்டிர சமிதியின் எம்.எல்.ஏ.க்கள் நான்கு பேரைக் கட்சி மாறச் சொல்லி விலை பேசியதாக மூவர் பிடிபட்டனர். அந்த நால்வரில் ஒருவரான பைலட் ரோஹித் ரெட்டிக்கு 100 கோடி, மற்றவர்களுக்கு ஆளுக்கு 50 கோடி என்றது புகார். பேரத்தின் பின்னால் பாஜக இருக்கிறது என்றது ஆளுங்கட்சி. எல்லாம் ஜோடித்த நாடகம் என்றது பாஜக.

நவம்பர் 3 அன்று முனுகோடு இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மாலையில், முதல்வர் கே. சந்திரசேகர ராவ் செய்தியாளர்களைக் கூட்டி ரகசியக் கேமரா காட்சிகளைப் போட்டுக் காட்டினார். ஐதராபாத் போலீஸ் கமிஷனர் சி.வி. ஆனந்த் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது அதற்குப் பிறகுதான், நவம்பர் 9 அன்று. தீர்ப்பை முதல்வர் சொல்லிவிட்டார். விசாரிக்கும் வேலை மட்டும் அவருடைய அதிகாரிகளுக்கு மிச்சம் இருந்தது.

முதல்வர் தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. எம்.எல்.ஏ.வை வாங்குவது வாக்காளரை ஏமாற்றுவது. ஏமாற்றப்படுகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. திருட்டுக் கொடுத்த சாதாரண மனிதர் தெருவில் நின்று கத்தினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் கையில் போலீஸ் இல்லை. முதல்வர் கையில் இருக்கிறது. வழக்கின் சாட்சியம் அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு உயர் நீதிமன்றத்தில் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. அதிகாரம் உள்ளவர் பாதிக்கப்பட்டால், மற்றவர்களைவிட அதிகமாக நாவை அடக்கியாக வேண்டும். உண்மை அவர் பக்கம் இருந்தால் இன்னும் அதிகமாக. இல்லையென்றால் அந்த உண்மைக்கே பிரசாரச் சாயம் ஏறிவிடும்.

விசாரணையில் நாவை அடக்கியவரும் உண்டு. அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீட்டை விசாரித்த ராபர்ட் முல்லர், 2017 மே முதல் 2019 மார்ச் வரை ஊடகங்களிடம் அநேகமாக வாயே திறக்கவில்லை. அந்த மௌனமும் அரசியலிலிருந்து தப்பவில்லை. அறிக்கை வெளியாகும் முன்பே அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் நான்கு பக்கக் கடிதத்தில் அதன் முடிவுகளைத் தன் போக்கில் சொல்லிவிட்டார். ஆனாலும் ஏப்ரலில் அறிக்கை வந்தபோது, அந்தக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மக்களிடம் ஒரு ஆவணம் இருந்தது. மொய்னாபாத் வழக்கில் காட்சி வந்தது, அறிக்கை வரவில்லை.

டிசம்பர் 26 அன்று நீதிபதி பி. விஜய்சென் ரெட்டி சிறப்புக் குழுவை ரத்து செய்து வழக்கை சிபிஐக்கு மாற்றினார். இங்கேதான் சிக்கல். மாநிலப் போலீஸ் அப்போது புகார் சொன்ன கட்சியின் அரசுக்குக் கீழே இருந்தது. சிபிஐயோ புகாருக்கு ஆளான கட்சியின் அரசுக்குக் கீழே. சிபிஐக்கான பொது ஒப்புதலை மாநில அரசு அந்த ஆகஸ்டிலேயே திரும்பப் பெற்றிருந்தது. இருவரில் எவர் விசாரித்தாலும் தோற்ற பக்கம் நம்பாது. உயர் நீதிமன்ற அமர்வு நவம்பர் 15 அன்று காட்டிய வழி இதைவிட மேலானது: நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில் விசாரணை, அரசியல்வாதிக்கும் ஊடகத்துக்கும் தகவல் போகக் கூடாது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. சிபிஐ விசாரணையும் பிறகு உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நால்வரில் மூவர் 2018இல் காங்கிரஸ் சின்னத்தில் வென்று, ஆளுங்கட்சிக்குத் தாவியவர்கள். 2019 ஜூனில் பன்னிரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களைச் சேர்த்துக்கொண்டபோது, அதற்குச் சிறப்புப் புலனாய்வு வேண்டும் என்று இதே கட்சிக்குத் தோன்றவில்லை.

நால்வரில் மீதமிருந்தவர் அச்சம்பேட்டையின் குவ்வல பாலராஜு. 2025 ஆகஸ்டில் அவர் பாஜகவில் சேர்ந்தார்.