பிடியாணை தீர்ப்பாகுமா?

ஒருவர்மீது பிறப்பிக்கப்பட்ட பிடியாணையை ஊரார் அனைவரும் அறியவிடுதல் அறமாகுமா? ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வினா அன்றாட வாழ்வோடு பிணைந்தது. அங்கு மாவட்டங்களை ஒத்த கவுண்டிகள் பலவற்றில், ஷெரிப் அலுவலகத்தின் இணையத்தளத்திலோ நீதிமன்றப் பதிவகத்திலோ ஒருவரது பெயரைக்கொண்டு நிலுவையிலுள்ள பிடியாணைகளைத் தேடலாம்.

இவ்வெளிப்படைக்கு நியாயம் உண்டு. தக்க காரணமின்றிப் பிடியாணை பிறப்பிக்கலாகாது என 1791இல் நிறைவேறிய நான்காவது அரசியலமைப்புத் திருத்தம் விதித்தது. ஆணை மறைவிலிருப்பின் அதிகாரத்தின் தவறும் மறைந்தே கிடக்கும்.

ஆயின், அவ்வேட்டில் இடம்பெறுவோர் யாவர்? மிசூரி மாநிலத்தின் பேர்குசன் சுமார் 21,000 பேர் வாழ்ந்த நகரம். 2014 டிசெம்பரில் அந்நகர நீதிமன்றின் பிடியாணைகள் 16,000க்கு மேற்பட்டோர்மீது நிலுவையில் இருந்தனவென மத்திய நீதித் திணைக்களத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கை காட்டிற்று. அயலூராரும் இதில் அடங்குவர். அவை பெரும்பாலும் கொடுங்குற்றம் பற்றியன அல்ல. சிறு வழக்குகளில் தண்டப்பணம் செலுத்தத் தவறியமையும் தவணைக்குச் சமுகமளியாமையுமே காரணங்கள். வறுமையால் தண்டம் இறுக்க இயலாதவரை அதற்காகவே சிறையிடலாகாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1983இலேயே தீர்த்திருந்தது.

பிடியாணை ஒருவரை மன்றின்முன் கொணரும் ஆணையே, குற்றத் தீர்ப்பன்று. ஆகவே தேடுபவர் பெயரைக் கண்டவுடன் அமையாது, அது அவரையே குறிப்பதா, எதன்பொருட்டுப் பிறந்தது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஏடு திறந்திருப்பது அரசைக் கண்காணிப்பதற்காக. அயலவனை இழித்துரைக்க அதனைப் புரட்டுபவர், மன்று இன்னும் வழங்காத தண்டனையைத் தாமே வழங்கிவிடுகிறார்.