காத்திருந்து பெறும் இன்பம்

மனிதர் நாள்தோறும் நுகரும் இன்பங்களுள் பல, அவர்கள் விரும்பிய வேளையில் தேடிப் பெறக்கூடியவை. பருவம் தரும் இன்பங்களோ தமக்குரிய நாளில் தாமாக வருபவை. அவற்றை விலை கொடுத்து முன்கூட்டியே பெறவும் முடியாது, சேமித்து வைத்துப் பின்னர் துய்க்கவும் முடியாது. அவற்றின் அருமையை உணர்வதற்குச் செல்வத்தைக் காட்டிலும் காத்திருக்கும் மனப்பழக்கமே மிகுதியாகத் தேவைப்படுகிறது. வெள்ளாற்றின் தென்கரையில், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டத்தில் அமைந்துள்ள லப்பைக்குடிக்காடு என்னும் பேரூரையும், அதனைச் சூழ்ந்த பெரம்பலூர், அரியலூர்ச் சீமையையும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உற்று நோக்குபவர்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

குளிர்நாடுகளில் இம்மாதங்கள் மரங்கள் சிவந்தும் பழுத்தும் இலையுதிர்க்கும் காலமாக இருக்க, தமிழ்நிலத்தில் இவை வாடிக்கிடந்த புல்லும் புதரும் தளிர்க்கும் காலமாக அமைகின்றன. ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பண்டைத் தமிழர், ஆவணியும் புரட்டாசியும் சேர்ந்த கார்காலத்தை அடுத்து வரும் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என வகுத்தனர். குளிர்ந்த வாடைக்காற்றும் விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் இப்பொழுதின் அடையாளங்களாகும். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இக்கூதிர்காலத்தையே களமாகக் கொண்டது. மழையில் நனைந்து தீயில் குளிர்காயும் ஆயர்களையும், குளிரால் நிலைமாறிய நகர வாழ்க்கையையும் காட்டும் அந்நூல், பாசறைக்குச் சென்ற அரசனின் வரவை எதிர்நோக்கியிருக்கும் அரசியையும் அதே வாடைக்காற்றின் நடுவே வைத்துக் காட்டுகிறது. கூதிரையும் காத்திருப்பையும் இணைத்துப் பார்க்கும் பார்வை, இவ்வாறு தமிழில் மிகப் பழமையானதாகும்.

பெரம்பலூர், அரியலூர் நிலப்பரப்பில் இக்காத்திருப்பு வாழ்க்கையின் அடிப்படையாகவே அமைந்துள்ளது. இங்குள்ள வயல்களில் பெரும்பகுதி, ஆற்றுப்பாசனமோ கிணற்றுப்பாசனமோ இன்றி மழையை மட்டும் நம்பி விதைக்கப்படும் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் இதன் முதன்மைப் பயிர்கள். மேற்கேயுள்ள மலைகளிலிருந்து இறங்கிக் கிழக்கே ஓடிப் பரங்கிப்பேட்டை அருகே வங்கக்கடலில் கலக்கும் வெள்ளாறும், ஆண்டின் பல மாதங்கள் மணற்பரப்பாகவே கிடக்கும் ஆறுதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்கிய பின்னர், குளிரத் தொடங்கும் நிலப்பரப்பிலிருந்து கடலை நோக்கித் திரும்பும் காற்று, வங்கக்கடலின் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்குத் திசையிலிருந்து வந்து, இயல்பாக அக்டோபர் 20 ஆம் நாளை ஒட்டி இம்மழையைத் தொடங்கிவைக்கிறது. அந்நாள் ஓராண்டில் முந்தவும் பிறிதோராண்டில் பிந்தவும் கூடும் என்பதால், வானத்தைப் பார்த்து வாழ்வது இங்கே அன்றாடக் கடமையாகிவிடுகிறது.

நெடுங்காத்திருப்பின் முடிவில் வரும் முதல் இன்பம் மண்வாசனையாகும். காய்ந்த நிலத்தின்மேல் முதல் துளிகள் விழும்போது எழும் அம்மணத்தின் பெரும்பங்கு, மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் வேதிப்பொருளிலிருந்து வருகிறது. காற்றில் அப்பொருள் மிக மிக நுண்ணிய அளவில் கலந்திருந்தாலும் மனித மூக்கு அதனை உணர்ந்துகொள்ளும். 1964 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிவியலாளர்களான இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகியோர் மழைக்குப் பிந்திய இம்மணத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிடுவதற்கு நெடுங்காலம் முன்னரே, உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் நகரின் அத்தர் வினைஞர்கள் சுட்ட களிமண்ணை நீரிலிட்டுக் காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, 'மிட்டி அத்தர்' என்னும் மண்மண நறுமணத் தைலத்தை வடித்துவந்தனர். அத்தர் பூசிக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்ற லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் இச்செய்தி வியப்பளிக்காது. குப்பியில் அடைக்கப்பட்ட அம்மணம் விலையுயர்ந்தது என்றாலும், ஐப்பசியின் முதல் மழை அதனை எல்லா வாசல்களுக்கும் ஒரே வேளையில் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அடுத்து வருவன கண்ணுக்குரிய இன்பங்கள். ஆவணி, புரட்டாசியில் விதைத்த பருத்திச்செடிகள் இக்காலத்தை ஒட்டிப் பூக்கத் தொடங்குகின்றன. காலையில் வெளிர்மஞ்சளாக விரியும் பூ, மறுநாளுக்குள் இளஞ்சிவப்பாக மாறி விரைவில் உதிர்ந்துவிடுவதால், ஒரே செடியில் இருநிறப் பூக்களை ஒருசேரக் காண முடிகிறது. வேலியோரங்களில் தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள், கார்த்திகைப்பூ என்னும் பெயருக்கு ஏற்ப, தீயின் நாக்குகளைப் போன்ற இதழ்களை விரிக்கிறது. மழை வருமுன் தட்டான்கள் தாழப் பறக்கும் என்று சிற்றூர் மக்கள் கணித்துவைத்திருக்கிறார்கள். அத்தட்டான்களுள் ஓரினம் இக்கூதிர்காலத்து வடகிழக்குக் காற்றின் துணையோடு இந்தியாவிலிருந்து மாலத்தீவுகளைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்து செல்வதாகக் கடல்வாழ் உயிரியல் அறிஞர் சார்லஸ் ஆண்டர்சன் 2009 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். வயல்வரப்பில் சிறுவர்கள் துரத்திச் செல்லும் ஒரு பூச்சிக்குப் பின்னால் இத்தகைய நெடும்பயணம் அடங்கியிருக்கக்கூடும் என்பதை அறிந்தவர், அதனை முன்போல் அலட்சியமாகக் கடந்து செல்ல மாட்டார்.

கடல்கடந்த பயணம் லப்பைக்குடிக்காட்டு மக்களுக்கும் புதிதன்று. இவ்வூரின் பல குடும்பங்களில் தந்தையோ மகனோ சகோதரனோ வளைகுடா நாடுகளில் பணிபுரிந்துவருகின்றனர். அங்கும் இக்காலம் ஒரு விடுதலையாகவே வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் நேரத்தில் திறந்த வெயிலில் வேலை வாங்குவதைச் சட்டம் தடைசெய்யும் அளவுக்குக் கோடை கடுமையானது. அக்கோடை தணியத் தொடங்குவதன் அடையாளமாக, ஆகஸ்டு மாத இறுதியில் விடியலுக்கு முன் அடிவானில் தோன்றும் சுஹைல் என்னும் விண்மீனை அரபு மக்கள் எதிர்பார்த்திருப்பர். இரவு வானில் சிரியஸ் விண்மீனுக்கு அடுத்தபடியாக ஒளிமிக்க அச்சுஹைலைத்தான் தமிழ் மரபு அகத்தியர் விண்மீன் என வழங்குகிறது. ஐப்பசி தொடங்கும் நாள்களில், சுபுஹு எனப்படும் விடியற்காலைத் தொழுகைக்கு மக்கள் புறப்படும் ஐந்து மணியளவில், மேகமற்ற வானில் அது நேர் தெற்கே நிற்கும். வெள்ளாற்றங்கரையில் ஏறத்தாழ 26 பாகை உயரத்திலும், துபாயில் அதனினும் தாழ்ந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்திலும் அதனைக் காணலாம். பிரிந்திருக்கும் இரு உறவினர், அவரவர் ஊர்க் கடிகாரத்தின் ஐந்து மணிக்குத் தெற்கு நோக்கினால் ஒரே விண்மீனைக் காண்பர் என்பது, தொலைபேசி உரையாடலில் பரிமாறிக்கொள்ளத் தகுந்த ஓர் இனிய செய்தியாகும்.

நாள்காட்டிகளும் இவ்வட்டாரத்து மக்களுக்குக் காத்திருப்பைக் கற்பிக்கின்றன. உழவுக்குக் கதிரவனை அடிப்படையாகக் கொண்ட தமிழ் மாதங்கள் பயன்பட, இசுலாமிய வழிபாட்டுக்குப் பிறையை அடிப்படையாகக் கொண்ட ஹிஜ்ரி ஆண்டு பயன்படுகிறது. அவ்வாண்டு கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவானது என்பதால், ரமலான் மாதம் ஆண்டுதோறும் முன்னகர்ந்து ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் ஐப்பசியின் மழைநாள்களை ஒட்டி வந்த நோன்பு, இனி 2035 ஆம் ஆண்டளவில்தான் அப்பருவத்துக்குத் திரும்பும்; மழை பெய்யும் மாலையில் சுடச்சுட நோன்புக் கஞ்சி அருந்தும் இன்பம் ஒருவர் வாழ்நாளில் இரண்டு அல்லது மூன்று சுற்றுகளில் மட்டுமே கிட்டக்கூடியது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் பெரிய இலிங்கத்துக்கு ஐப்பசி முழுநிலா நாளில் நிகழும் அன்னாபிடேகமும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அமைவது. நாள்தோறும் உண்ணும் வெறுஞ்சோறே அன்று இலிங்கத்தை மூடும் காணிக்கையாகி, பின்னர்த் திரண்டு வந்தோர்க்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இரு சமயத்தவரும் எளிய உணவை அதற்குரிய காலத்தில் வைத்துப் போற்றுவதில் ஒன்றுபடுகின்றனர்.

இப்பருவம் இன்பத்தை மட்டும் கொண்டுவருவதில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. அடைமழை நீடித்தால் கட்டட வேலை செய்வோர் கூலி இழப்பர். வயலில் உள்ள சின்ன வெங்காயம் அழுகும். ஒழுகும் கூரையின்கீழ் வாழ்வோர்க்கு இரவு உறக்கமற்றதாகும். ஆகவே மழையை இரசிப்பதற்குரிய தகுதி, மழையால் துன்புறும் அண்டை வீட்டாரை நினைப்பதிலிருந்தே தொடங்குகிறது. தேநீர்க்கடையின் கூரையடியில் ஒதுங்கி நிற்பவர் மற்றொருவருக்கு இடம்விட்டு நகர்வதும், சுக்கும் மல்லியும் இட்டுக் காய்ச்சிய குடிநீரில் ஒரு குவளையைப் பக்கத்து வீட்டு முதியவர்க்குக் கொடுத்தனுப்புவதும் கூதிர்காலத்துக்கே உரிய நற்பண்புகளாகும்.

இன்றைய வாழ்வில் ஏறத்தாழ எல்லாப் பொருள்களும் எல்லா மாதங்களிலும் கடைகளில் கிடைப்பதால், எதிர்பார்த்திருத்தல் என்னும் உணர்வு மெல்ல மெல்ல மங்கிவருகிறது; எதிர்பார்ப்பு மங்குமிடத்தில் கிடைத்த பொருளின் சுவையும் மங்கும். நெடுநாள் காய்ந்த நிலத்தில் நடந்தவர்க்கே முதல் மழையின் மணம் முழுமையாக விளங்கும். இரண்டு ஆண்டுகள் பிரிந்திருந்த குடும்பத்துக்கே ஒன்றாக அமர்ந்து உண்ணும் ஒரு வேளைச் சோற்றின் பெருமை தெரியும். எளிய இன்பங்கள் சிறியவை எனக் கருதப்படுவதற்குக் காரணம், அவற்றுக்கு முன் நிகழ்ந்த நீண்ட காத்திருப்பைக் கணக்கில் சேர்க்கத் தவறுவதே ஆகும்.

ஆதலின், கூதிர்காலத்தின் ஒவ்வொரு காலையிலும் இப்பருவத்துக்கு உரிய ஏதேனும் ஒன்றை, அது பருத்திப்பூவாயினும் விண்மீனாயினும் ஆற்றில் புதிதாக வந்த நீராயினும், வீட்டிலுள்ள ஒரு குழந்தைக்குக் காட்டுவதும், தொலைவில் உள்ள ஓர் உறவினர்க்குச் சொல்வதும் அனைவராலும் இயலும் செயல்களாகும். அவ்வாறு காட்டப்பட்டு வளரும் குழந்தை, அடுத்த ஐப்பசியைத் தானே எதிர்பார்க்கத் தொடங்கும். எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டவர்க்கு ஆண்டின் எந்தப் பருவமும் வெறுமையாகக் கழியாது.