அத்தாவின் நண்பர் நமக்கு என்ன உறவு?

மனிதன் மறதிக்கு ஆளானவன். ஆயினும் அவன் எளிதில் மறக்காதவை சில உண்டு. பெற்றோரின் முகம், ஓடி விளையாடிய தெரு, ஒரே தட்டில் உடன் உண்ட தோழன், பெருநாள் காலையில் வீட்டில் எழுந்த மணம் ஆகியவை எத்தனை வயதானாலும் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. நான்கு பெரியவர்கள் ஓரிடத்தில் கூடினால் பேச்சு தானாகவே பழைய நாட்களுக்குப் போய்விடுகிறது. “அந்தக் காலம் போல வருமா?” என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். மற்றவர்கள் தலையசைப்பார்கள். பிறகு எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்தப் பெருமூச்சோடு விஷயம் முடிந்துவிடுகிறதா? பழைய நினைவுகள் மனத்துக்கு இன்பம் தருவதற்கு மட்டும்தானா? அல்லது நம் தோள் மீது ஏதேனும் கடமையையும் ஏற்றி வைக்கின்றனவா? வாசக நேயர்கள் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

நாம் வசிக்கும் படப்பை, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஊர். நாம் சிறுவராக இருந்த 1990-களில் சாலையை விட்டு இறங்கினால் வயல்தான். நமது தகப்பனார் மர்ஹூம் அவர்களுக்கு நெருங்கிய தோழர் ஒருவர் இருந்தார். விவசாயி, மாற்று மதத்தவர். நாயக்கர் மாமா என்றுதான் நாம் அழைப்போம். கோடையில் நம் வீட்டுக் கிணறு வற்றினால் அவருடைய பம்புசெட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வரும். அதற்கு ஒரு நாளும் அவர் கணக்குப் பார்த்ததில்லை. நம் அக்காவின் நிக்காஹ்வுக்குப் பந்தல் போட இடம் போதாதபோது, தம்முடைய நெற்களத்தைப் பெருக்கிச் சாணம் தெளித்துக் கொடுத்தார். ரமலானில் நம் அம்மா நோன்புக் கஞ்சியைத் தூக்குச் சட்டியில் ஊற்றி முதலில் அனுப்புவது அந்த வீட்டுக்குத்தான். பொங்கல் வந்தால் பச்சரிசியும் வெல்லமும் பரங்கிக்காயும் அங்கிருந்து வரும். இருவருக்கும் இடையே எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

காலம் மாறியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் - நிஸான் ஆலை திறக்கப்பட்டது. வயல்கள் மனைகளாயின. மனைகளுக்கு நடுவே மதில்கள் எழுந்தன. தகப்பனாரும் மாமாவும் சில ஆண்டு இடைவெளியில் காலமானார்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பிழைப்பாகப் பிரிந்தோம். வழியில் கண்டால் ஒரு சிரிப்பு, ஒரு நலம் விசாரிப்பு, அவ்வளவுதான்.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை இப்பகுதியில் யாரும் மறக்க முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மணிமங்கலம், ஆதனூர் வட்டாரத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து ஓடும் அடையாறு கரை புரண்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. முடிச்சூரில் இருந்த நம் உறவினர்கள் கைக்குழந்தையோடு மொட்டை மாடியில் தவித்த செய்தி வந்தது. எப்படிப் போவது என்று நாம் திகைத்து நின்றபோது மாமாவின் மகன் டிராக்டரோடு வாசலுக்கு வந்தார். தண்ணீர் அனுமதித்த தூரம் வரை ஓட்டிச் சென்று, அதற்கு மேல் கயிற்றைப் பிடித்து நடந்து, எல்லோரையும் கொண்டு வந்து சேர்த்தார். நாம் நன்றி சொன்னோம். அவரோ, “எங்கப்பாவும் உங்க அத்தாவும் பழகின பழக்கத்துக்கு இதைக்கூடச் செய்யலேன்னா எப்படிங்க?” என்றார்.

மதரஸாவில் நாம் ஓதிய ஒரு ஹதீஸின் பொருளை, அந்த ஹதீஸையே கேள்விப்பட்டிராத ஒருவர் நம் வாசலில் செய்து காட்டிவிட்டார். அந்த ஹதீஸுக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் ஒரு மஸ்அலா.

சில ஆண்டுகளுக்கு முன் வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய தகப்பனார் தமது நிலத்தின் ஓரமாகப் பக்கத்து வீட்டாருக்கு நடைவழி விட்டிருந்தார். எல்லாம் வாய்வார்த்தை. இப்போது அந்த நிலத்தைச் சுற்றி மதில் எழுப்பி விற்க ஏற்பாடு நடக்கிறது. “ஹஜ்ரத், வழி விட்ட எங்க அத்தாவும் மவுத்தாயிட்டார், கேட்டு வாங்கின பெரியவரும் இல்லை. இப்போ அவங்க பேரப்பிள்ளைங்கதான் அந்த வழியா பள்ளிக்கூடம் போகுதுங்க. நான் அடைச்சா குற்றமா?” என்று கேட்டார்.

சட்டத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பயன்படுத்திக்கொள்ள மட்டும் ஒன்றைக் கொடுப்பது இரவல். இரவல் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அனுமதியும் முடிந்துவிடுகிறது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ சட்ட நூல்களின் முடிவு. மய்யித்தின் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்று திருமறையின் அந்நிஸா அத்தியாயம் (4:11, 12) தெளிவாகக் கூறுகிறது. ஆனால் இந்த நடைவழி கடனும் அல்ல, வஸிய்யத்தும் அல்ல. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டப்படி அவர்களுக்கு ஏதேனும் உரிமை உண்டா என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. மார்க்கச் சட்டம் என்ற அளவில், அடைத்தால் அவர் பிறர் சொத்தை அபகரித்தவர் ஆகமாட்டார்.

ஆனால் பத்வா முடியும் இடத்தில்தான் தக்வா தொடங்குகிறது. “குற்றமா?” என்று கேட்பது ஒரு கேள்வி. “அத்தாவுக்குப் பிள்ளையாக நான் செய்ய வேண்டியது என்ன?” என்று கேட்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு எம்பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் விடை இருக்கிறது.

பெற்றோர் இறந்த பின்னும் அவர்களுக்கு நான் செய்யக்கூடிய நன்மை ஏதேனும் மீதமிருக்கிறதா என்று பனூ ஸலமா குலத்தைச் சேர்ந்த ஒருவர் வினவினார். அவர்களுக்காகத் துஆச் செய்வது, பாவமன்னிப்புத் தேடுவது, அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது, அவர்கள் வழியாக வந்த உறவைச் சேர்ந்து வாழ்வது, அவர்களுடைய தோழர்களைக் கண்ணியப்படுத்துவது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. முதலிரண்டையும் நாம் எல்லோரும் செய்கிறோம். கடைசி மூன்றும்தான் கைக்காசையும் நேரத்தையும் கேட்பவை. அவற்றைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம்.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்தார்கள். அவருக்கு ஸலாம் சொல்லி, தாம் ஏறிவந்த கழுதையில் அவரை ஏற்றி, தம் தலையில் இருந்த தலைப்பாகையையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் சிறிது கொடுத்தாலே திருப்தியடைபவர்களாயிற்றே என்று உடன் இருந்தவர்கள் வியந்தனர். அவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நேசராக இருந்தார் என்று பதில் வந்தது. தந்தை நேசித்த குடும்பத்தாரோடு மகன் உறவைத் தொடர்வது நற்செயல்களில் மிகச் சிறந்தது என்ற நபிமொழியையும் அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. அந்தக் கிராமத்து அரபியே உமர் (ரலி) அவர்களின் தோழர் அல்ல, தோழரின் மகன் என்பதைக் கவனியுங்கள். தகப்பனார்களின் நட்பு பிள்ளைகளின் தலைமுறைக்கும் இறங்கி வருகிறது.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும், வீட்டில் ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியரைத் தேடி இறைச்சியை அனுப்புவது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம் என்று ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். நினைத்து உருகியதோடு பெருமானார் (ஸல்) அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த நினைவு ஆட்டிறைச்சியாகி ஒரு முதியவளின் அடுப்பங்கரை வரை போய்ச் சேர்ந்தது. நினைவைக் கடன் என்று நாம் சொல்வது இதனால்தான்.

சிலர் கேட்கக்கூடும்: “அது முஸ்லிம்களுக்குள் அல்லவா? மாற்று மதத்தவருக்கும் இது பொருந்துமா?” தாயிஃபில் கல்லடிபட்டுத் திரும்பிய நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழையப் பாதுகாப்பளித்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்காமலேயே இறந்துபோனார். ஹிஜ்ரி 2-ல் (கி.பி. 624) பத்ருப் போரில் கைதிகள் பிடிபட்டபோது, முத்இம் உயிரோடு இருந்து இவர்களுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விடுவித்திருப்பேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியை அறிவிப்பவர் முத்இமின் மகன் ஜுபைர் (ரலி) அவர்களே. ஆட்களை அனுப்பித் தம்மோடு போர் தொடுத்த ஊரின் நடுவிலும், தமக்கு உதவிய ஒருவரை நபிகளார் (ஸல்) மறக்கவில்லை. தண்ணீர் கொடுத்த கையை நாம் மறப்பதற்கு என்ன நியாயம்?

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அத்தா தாராளமாக இருந்தார், அது அவருடைய பொருள். அதற்காகப் பிள்ளைகள் ஆயுள் முழுதும் இழந்துகொண்டே இருக்க வேண்டுமா? இதற்கு வரம்பு உண்டு. நன்றியைச் சொந்தப் பங்கிலிருந்துதான் காட்ட வேண்டும். சகோதரியின் பங்கைக் கேளாமல் அண்ணன் வள்ளலாகக் கூடாது. வயது வராத வாரிசு இருந்தால் அந்தப் பங்கைத் தானம் செய்ய எவருக்கும் அதிகாரம் இல்லை. தந்தையின் நண்பர் பெயரைச் சொல்லிப் பிறர் ஹக்கில் கை வைப்பது நன்றியல்ல, அநீதி. அந்த வாலிபரிடமும் இதைத்தான் சொன்னோம்: “சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உங்கள் அத்தாவின் வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அக்கா தங்கையரைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். அவர்கள் மனமொப்பினால் வழியை விடுங்கள். ஒப்பவில்லை என்றால் உங்கள் பங்கிலிருந்து விடுங்கள்.” அவர் கேட்டார், அவர்கள் ஒப்பினார்கள். மதில் இப்போது நான்கடி உள்ளே தள்ளி நிற்கிறது. விற்ற விலை குறைந்ததென்னவோ உண்மை. அத்தாவின் சொல் குறையவில்லை.

நினைவில் நிற்பவை எல்லாம் இனிமையானவையும் அல்ல. பங்காளிச் சண்டை, திரும்பாத கைமாற்று, திருமண வீட்டில் கேட்ட கடுஞ்சொல் இவையும் கூடவே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? யூசுப் (அலை) அவர்கள் எகிப்தில் குடும்பத்தாரோடு ஒன்றுசேர்ந்த வேளையில், சிறையிலிருந்து அல்லாஹ் தம்மை வெளியேற்றியதை நன்றியோடு எடுத்துச் சொன்னார்கள் (12:100). ஆனால் சகோதரர்கள் தம்மைத் தள்ளிய கிணற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. எதிரே நிற்கும் அண்ணன்மார் கூனிக் குறுகக்கூடாது என்பதே காரணம் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். கிணற்றை அவர்கள் மறந்திருக்க முடியாது. ஆயினும் சொல்லவில்லை. நன்மையை எடுத்துச் சொல்வதும், தீமையை நாவிலிருந்து தடுத்துக்கொள்வதும் ஒரே ஒழுக்கத்தின் இரு பக்கங்கள். இறந்தவர்களை ஏசாதீர்கள் என்ற நபிமொழியும் இங்கே நினைக்கத் தக்கது.

நம் தமிழகத்திலேயே நினைவைக் கடனாக ஏற்று அடைத்தவர் ஒருவர் உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை முதலில் ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவருடைய மறைவுக்குப் பின் காவியம் தொடரக் கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். புலவரிடம் பொன்னோ நிலமோ இல்லை, பாட்டுத்தான் இருந்தது. ஆகவே காவியத்தினூடே பல இடங்களில் அபுல்காசிமின் பெயரைப் பதித்து வைத்தார். கையில் இருப்பதைக் கொண்டுதான் ஒவ்வொருவரும் கடனை அடைக்க முடியும்.

இன்று நம் படப்பைத் தெருக்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆலை மூடினால் அவர்களும் பிரிந்து போய்விடுவார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014-ல் நின்றுபோன நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவர்கள் பிரிந்ததை நாம் கண்ணால் கண்டோம். அவர்கள் எங்கோ ஓர் ஊரில் அமர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கு நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள்? காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்த வீடு என்றா, முன்பணத்தைத் திருப்பித் தராத வீடு என்றா? நம் தகப்பனார்கள் நமக்கு நல்ல நினைவை விட்டுச் சென்றார்கள். நம் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்லப் போகிறோம் என்பதும் இந்தக் கேள்வியில் அடங்கியதே.

ஆகவே அன்பர்களே, இந்த மாதமே ஒன்று செய்யுங்கள். அத்தா, அம்மாவின் தோழர் தோழியரில் உயிரோடு இருப்பவர் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்காவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். வெறுங்கையோடு செல்லாதீர்கள். பெற்றோர் யாருக்கேனும் வாய்வார்த்தையாக ஏதேனும் சொல்லியிருந்தால் அதைக் கேட்டறிந்து, வாரிசுகள் கலந்து பேசி நிறைவேற்றுங்கள். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவர், தம் நண்பரின் மகன் தேடி வந்ததைக் கண்டு மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியும் நம் பெற்றோருக்குச் செய்யும் நன்மையே ஆகும்.

வல்ல ரஹ்மான் நம் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்கள் நேசித்தவர்களை நாமும் நேசித்து வாழும் நல்ல தௌஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.