அண்டைத் தோட்டமும் நமது அறமும்

அண்டைத் தோட்டம் தாழ்ந்தால் நம் தோட்டம் உயருமா? ‘உயரும்’ என்பர், போட்டியே வணிகத்தின் அறம் என்போர். மலையக வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது.

1869இல் தலைகாட்டிய கோப்பித் துருநோய் எவருடைய எல்லைக் கல்லையும் மதிக்கவில்லை. அடுத்தடுத்த தோட்டங்கள் சேர்ந்தே அழிந்தன. இன்றும் கொழும்பு ஏலத்தில் ‘திம்புள்ள’ என்ற பொதுப்பெயர் ஹட்டன் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றுக்கும் மதிப்பளிக்கிறது. அப்பெயருக்கு ஒருவர் தேடும் இழுக்கு அனைவரையும் சாரும்.

இவ்வுண்மையைத் துரைமார் முன்னரே உணர்ந்தனர். சந்தையில் போட்டியிட்டவர்களே 1854இல் ஒரு சங்கமாகக் கூடினர். தொழிலாளர்க்கு நடேசய்யர் ஹட்டனில் சங்கம் காண 1931 ஆயிற்று. முதலாளியின் ஒற்றுமை மதிநுட்பம், தொழிலாளியின் ஒற்றுமை கலகம் என்பது எந்த நீதி?

ஒரே மலையின் பெயரால் பிழைப்போர் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டவர்களே. அக்கடமை லயத்து வாசலோடு நின்றுவிடலாகாது என்கிறோம்.